குவார்ட்டர் தெளிய எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போடும் முறை

இரவு பதினொரு மணிக்குக் குடித்து முடித்த ஒருவர் காலை ஏழு மணிக்கு வண்டியை எடுக்கலாமா என்று கேட்டால், தூங்கி எழுந்துவிட்டாரே, பிறகென்ன என்றுதான் பலரும் பதில் சொல்வார்கள். தூக்கம் களைப்பைப் போக்குமே தவிர, ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலைக் குறைக்காது. அந்த வேலையைச் செய்வது கல்லீரல். அதுவும் தனக்கென்று ஒரு வேகத்தை வைத்துக்கொண்டு, நாம் தூங்கினாலும் விழித்திருந்தாலும் அதே வேகத்தில்தான் செய்கிறது. ஆகவே உள்ளே போனது எவ்வளவு, மணிக்கு எவ்வளவு கழிகிறது என்ற இரண்டு எண்கள் கையில் இருந்தால், எப்போது தெளியும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்கைப் போடும் முறையையும், அது எங்கெல்லாம் காலை வாரிவிடும் என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

கணக்குக்கு முன்னால் மது உடலுக்குள் போகும் வழியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மதுவில் இருக்கும் எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. தண்ணீரில் முழுவதும் கரையக்கூடியது. எனவே சோற்றைப் போலவோ கறியைப் போலவோ செரித்து உடைந்த பிறகுதான் ரத்தத்தில் கலக்க வேண்டும் என்ற அவசியம் அதற்கு இல்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரைப்பையிலேயே ரத்தத்துக்குப் போய்விடுகிறது. மீதி சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. சிறுகுடலின் பரப்பு மிகப் பெரியது என்பதால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு எல்லாம் வேகமாக நடக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அளவு உச்சத்தைத் தொடும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் இரைப்பை தன் கீழ்வாயைச் சீக்கிரம் திறப்பதில்லை. மது சிறுகுடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகவே இறங்கும். உச்சம் தள்ளிப்போவதோடு உயரமும் குறையும். குடிப்பதற்கு முன் சாப்பிடச் சொல்வதன் காரணம் இதுதான். குடித்து முடித்த பின் நள்ளிரவில் சாப்பிடும் பரோட்டாவுக்கு அந்தப் பயன் கிடையாது. மதுவில் பெரும்பகுதி அதற்குள் இரைப்பையைத் தாண்டியிருக்கும்.

ரத்தத்தில் கலந்த எத்தனால் உடம்பில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் பரவும். கொழுப்பில் மிகக் குறைவாகவே தங்கும். எண்பது கிலோ எடையுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குத் தசையும் மற்றவருக்குக் கொழுப்பும் அதிகமாக இருந்தால், ஒரே அளவு குடித்த பிறகு கொழுப்பு அதிகமுள்ளவரின் ரத்தத்தில்தான் அளவு கூடுதலாக இருக்கும். ஒரே எடையுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டாலும் இதே காரணத்தால் பெண்ணின் ரத்தத்தில் அளவு ஏறும். இதைக் கணக்கில் சேர்க்க ஒரு எண் இருக்கிறது, கீழே வருகிறது.

கல்லீரலில் நடப்பது இரண்டு கட்ட வேலை. முதலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடு என்னும் பொருளாக மாற்றுகிறது. இது எத்தனாலைவிடக் கெட்டது. முகம் சிவப்பதும், நெஞ்சு படபடப்பதும், குமட்டலும் இது தேங்கும்போது வருபவை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு. இரண்டாவது நொதியான ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் இதை உடனுக்குடன் அசிட்டேட்டாக மாற்றிவிடுவதால்தான் பெரும்பாலோர் தப்பிக்கிறோம். அசிட்டேட் என்பது ஏறத்தாழ நம் வீட்டு வினிகரில் இருக்கும் பொருள்தான்; அது ரத்தத்தோடு போய்த் தசைகளில் எரிந்து தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் முடிகிறது. ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி என்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

வேகம் ஏன் கூடுவதில்லை? முதல் நொதி வேலை செய்ய என்.ஏ.டி. என்ற துணைப்பொருள் வேண்டும். ஒவ்வொரு எத்தனால் மூலக்கூறும் அதில் ஒன்றைச் செலவழிக்கிறது; செலவானது பழைய நிலைக்குத் திரும்பிய பிறகுதான் அடுத்ததற்குப் பயன்படும். ரேஷன் கடையில் தராசு ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பத்துப் பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும் எடை போடும் வேகம் அதேதான், வரிசைதான் நீளும். நாம் விழுங்கும் பெரும்பாலான மாத்திரைகள் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறையும். ஆல்கஹால் அப்படியின்றி, சாதாரணமாகக் குடிக்கும் அளவுகளில், மணிக்கு இவ்வளவு என்று நேர்கோட்டில் இறங்குகிறது. ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் எரிக் விட்மார்க் 1930-களில் இதை அளந்து, உடல் எடையைச் சேர்த்து ஒரு சூத்திரமாக எழுதிவைத்தார். நீதிமன்றங்களில் இன்றும் புழங்கும் அந்தக் கணக்கைத்தான் நாம் போடப்போகிறோம்.

முதல் எண்ணுக்குப் பாட்டிலின் லேபிளைப் பார்க்க வேண்டும். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எதை எடுத்தாலும் 42.8 சதவீதம் என்று போட்டிருப்பதைக் காணலாம். பக்கத்திலேயே 25 யு.பி. என்றும் இருக்கும். பிரிட்டிஷ் காலத்து அளவுமுறையின் மிச்சம் அது: அன்று முழு வீரியம் என்று வைத்துக்கொண்ட 57.1 சதவீதத்துக்கு நூற்றுக்கு 25 பங்கு கீழே என்று பொருள்; 57.1-இல் முக்கால் பங்கைப் பெருக்கிப் பார்த்தால் 42.8 வந்துவிடும். ஒரு குவார்ட்டர் 180 மி.லி. அதில் 42.8 சதவீதம் என்றால் 77 மி.லி. சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மி.லி. 0.79 கிராம்தான் இருக்கும். 77-ஐ 0.79-ஆல் பெருக்கினால் 61 கிராம். இதுதான் உள்ளே போனது.

பீர் குடிப்பவர்கள் தங்களை இந்தக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்வது வழக்கம். ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில் 650 மி.லி.; லேபிளில் 8 சதவீதம் வரை என்று போட்டிருந்தால் அந்த உச்ச அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். 52 மி.லி. சுத்த ஆல்கஹால், அதாவது 41 கிராம் வருகிறது. ஒரு குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு பாட்டில் பீர் குடித்தவர் குவார்ட்டர் குடித்தவரைத் தாண்டிவிட்டார்.

அடுத்து உடம்பு. ஆணாக இருந்தால் எடையை 0.68-ஆலும், பெண்ணாக இருந்தால் 0.55-ஆலும் பெருக்க வேண்டும். மேலே சொன்ன தண்ணீர், கொழுப்பு வேறுபாட்டை விட்மார்க் இப்படித்தான் சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு 47.6 வருகிறது. 61 கிராமை 47.6-ஆல் வகுத்தால் 1.28, இதை நூறால் பெருக்கினால் 128. வழக்கில் உள்ள அளவில் சொன்னால், 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 130 மில்லிகிராம். சட்டம் அனுமதிக்கும் 30 மில்லிகிராமைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஒரே ஒரு 60 மி.லி. லார்ஜ் குடித்தாலே இதே ஆளுக்கு 43 வரை ஏறும் என்பதால், ஒரு லார்ஜ்தானே என்ற சமாதானம் சட்டத்தின் முன் நிற்காது.

இனி இறங்கும் வேகம். பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை குறைகிறது, சராசரியாக 15. நம் ஆளுக்கு 130-ஐ 15-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம். இரவு பதினொன்றுக்குக் கடைசி மடக்கைக் குடித்திருந்தால் காலை ஏழே முக்காலுக்குத்தான் பூஜ்யத்தைத் தொடுகிறார். விட்மார்க் கணக்கில் முதல் மடக்கிலிருந்தே நேரத்தை எண்ணுவார்கள். நான் கடைசி மடக்கிலிருந்து எண்ணச் சொல்வது வேண்டுமென்றேதான்: பிழை நேர்ந்தால் அது வண்டி எடுக்காத பக்கம் விழட்டும். அதே காரணத்துக்காக, உங்கள் கல்லீரல் சராசரியைவிட மந்தமானது என்று வைத்துக்கொண்டு 15-க்குப் பதில் 10-ஆல் வகுத்துப் பாருங்கள். பதின்மூன்று மணி நேரம் வருகிறது. பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தெளிவு. நீங்கள் எந்த வகை என்பது பரிசோதனைக்கூடம் இல்லாமல் தெரியாது. ஆகவே அந்த 10-ஐத்தான் நம்ப வேண்டும் என்பது என் கருத்து.

காகிதமும் பேனாவும் இல்லாத இடத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. 70 கிலோ ஆணின் கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் ஆல்கஹாலை எரிக்கிறது. பிராந்தியாக மாற்றினால் சுமார் 20 மி.லி. இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியால் இரண்டு மூடி. ஒரு ஸ்மால்கூட இல்லை. எனவே குடித்த மி.லி.யை 20-ஆல் வகுத்தால் மணிக்கணக்கு வந்துவிடும்: கட்டிங் என்றால் நாலரை மணி நேரம், குவார்ட்டருக்கு ஒன்பது, 375 மி.லி. ஆஃபுக்கு ஏறத்தாழ பத்தொன்பது. இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கல்யாண வரவேற்பு முடிந்து நண்பர்களோடு உட்கார்ந்து பதினொரு மணிக்கு ஆஃபை முடித்தவர், மறுநாள் முகூர்த்தத்துக்குக் குளித்து, திருநீறு பூசி, காரை ஓட்டிக்கொண்டு வரும்போது தனக்குப் போதை இல்லை என்று மனதார நம்புகிறார். அவர் ரத்தத்தில் அப்போதும் நூற்றுக்கு மேல் இருக்கக்கூடும். மாலை ஆறு மணி வரை அவர் முழுத் தெளிவுக்கு வருவதாக இந்தக் கணக்கு ஒப்புக்கொள்ளாது.

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு எண்கள் வேறு. 90 மி.லி. கட்டிங்கில் 30 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, 55-ஐ 0.55-ஆல் பெருக்கினாலும் ஏறத்தாழ 30. எனவே அளவு 100-ஐத் தொடுகிறது. அதே கட்டிங் நம் 70 கிலோ ஆணுக்கு 64-தான். குறுக்குவழிக்கு அந்தப் பெண் 20-க்குப் பதிலாக 13-ஐப் பயன்படுத்த வேண்டும்.

வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லப்படும் வைத்தியங்களை விரைவாகக் கடந்துவிடலாம். காபி தூக்கத்தை விரட்டும். போதையோடு விழித்திருக்க வைக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த நீரில் குளிப்பது, எலுமிச்சைச் சாறு, புளித்த மோர், ஓடி வியர்ப்பது, எதுவும் அந்தத் தராசை வேகப்படுத்தாது. வியர்வை, மூச்சு, சிறுநீர் மூன்றும் சேர்ந்தே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளியேற்றுவதில்லை. வாந்தி எடுத்தால் இரைப்பையில் மிச்சமிருப்பது வெளியே வரும். ரத்தத்தில் கலந்தது வராது. தண்ணீர் குடிப்பது நல்லதுதான், ஆனால் காரணம் வேறு: சிறுநீரைத் தடுத்துவைக்கும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுவதால் உடம்பு வறண்டுபோகிறது, மறுநாள் நாக்கு ஒட்டிக்கொள்வதிலும் தலைவலியிலும் அதற்கும் பங்கு உண்டு.

சாலையில் போலீஸ்காரர் ஊதச் சொல்லும் கருவி இதே ரத்த அளவைத்தான் மூச்சு வழியாக ஊகிக்கிறது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2,100 மி.லி. மூச்சில் இருக்கும் ஆல்கஹால், ஒரு மி.லி. ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்ற விகிதத்தில் அது கணக்கிடுகிறது. பாக்கும் ஏலக்காயும் புதினா மிட்டாயும் வாய் நாற்றத்தை மறைக்கலாம். நுரையீரலில் இருந்து வருவதை மறைக்க அவற்றால் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பு இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நேற்றிரவு குடித்தது என்ற விளக்கத்துக்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

இந்தக் கணக்கு செல்லாத ஆட்களும் இருக்கிறார்கள். தினமும் குடிப்பவரின் கல்லீரல் சி.ஒய்.பி. 2இ1 என்ற இன்னொரு நொதியையும் பெருக்கிவைத்திருக்கும். அதனால் அவருக்கு மணிக்கு 20, சில சமயம் 30 வரைகூட இறங்கும். அவர் இதைத் தன் உடம்பின் பலம் என்று பெருமையாகச் சொல்வார். அதே நொதிதான் பாராசிட்டமாலில் ஒரு பகுதியைக் கல்லீரலைக் கொல்லும் பொருளாக மாற்றுகிறது. எனவே வழக்கமாகக் குடிப்பவர் தலைவலிக்கு அந்த மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொள்ளாமல், எவ்வளவு போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்படிப் பல ஆண்டுகள் குடித்தவர் ஒரே நாளில் வீராப்பாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நிறுத்துவது மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டும்.

கல்லீரல் நோய் உள்ளவருக்கும் 15 என்ற எண்ணை நம்ப முடியாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு வேறொரு ஆபத்து: ஆல்கஹாலை எரிக்கும் வேலையில் கல்லீரல் மூழ்கியிருக்கும்போது புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலை முடங்கிவிடுகிறது. சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால் நள்ளிரவில் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் போதை மயக்கம் என்று நினைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திவிடுவார்கள்.

இரண்டாவது நொதி சரியாக வேலை செய்யாத மரபு சீனர், ஜப்பானியர், கொரியர் இடையே மிகுதி. ஒரு கிளாஸ் பீரிலேயே முகம் சிவந்துவிடும். நம்மிடையே அது அரிது. ஆனால் டைசல்பிராம் என்ற குடிநிறுத்த மாத்திரை அதே நொதியைத்தான் அடைக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் அசிட்டால்டிஹைடு தேங்கி, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வேதனையில் இருக்கும் குடும்பத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அதைச் செய்யவே கூடாது, அது அவர் உயிரோடு விளையாடுவதாகும்.

கணக்கே பொருந்தாத இன்னொன்று கள்ளச்சாராயம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். எத்தனாலை உடைக்கும் அதே முதல் நொதி மெத்தனாலையும் உடைக்கிறது. ஆனால் விளைவது ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். அமிலம் சேரப் பல மணி நேரம் பிடிப்பதால், இரவு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு மறுநாள் கண் மங்கி, வயிறு வலித்து, மூச்சு வாங்கும். நேரம் கடந்தால் தெளியும் என்ற விதி இங்கே தலைகீழாகிவிடுகிறது. நேரம் கடக்கக் கடக்க விஷம் ஏறுகிறது. மருத்துவமனையில் அந்த நொதியை அடைக்கும் மருந்தையோ, கிடைக்காத இடத்தில் அளவாக எத்தனாலையோ கொடுத்து மெத்தனால் உடைவதைத் தடுப்பார்கள். வீட்டில் நல்ல சரக்கைக் கொடுத்து முறித்துவிடலாம் என்று இதைப் புரிந்துகொண்டுவிடக் கூடாது. கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்ன நிமிடமே கிளம்ப வேண்டும்.

கடைசியாக, மட்டையாகிவிட்டவரைப் பற்றி. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருப்பதால், விழுந்து கிடப்பவரின் ரத்தத்தில் அளவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். தூங்கித் தெளியட்டும் என்று தனியறையில் பூட்டிவைப்பது தவறு. மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போகும்; ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை முன்னால் மடக்கி, முகத்தைக் கொஞ்சம் தரையை நோக்கித் திருப்பிவிட்டு, பக்கத்திலேயே ஒருவர் உட்கார வேண்டும். தட்டிக் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் பத்து விநாடி இடைவெளி விழுகிறது, உதடோ நகமோ நீலமாகிறது, உடம்பு சில்லிடுகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பதும், வாயில் மோரை ஊற்றுவதும் வேண்டாம். ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தார், எவ்வளவு குடித்தார், கூடவே என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். லேபிளோடு அந்தக் காலிப் பாட்டிலையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.